தாலின் பழைய நகரம்: மேலே தொடங்கிக் கீழே இறங்குங்கள்

திருகோணமலையிலிருந்து பாரிஸிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள், மூன்று நாள் ஒதுக்க முடிந்தால் எஸ்தோனியாவின் தலைநகர் தாலினையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், லண்டன் விசா அங்கே செல்லாது. பாரிஸில் 10 நாள், தாலினில் 3 நாள் என்றால் விண்ணப்பம் பிரான்சுக்குத்தான். இடையில் லண்டனுக்குப் போய்வர நினைத்தால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள். ஒருமுறை விசாவோடு லண்டனுக்குப் போனால் திரும்பி நுழைய முடியாது. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

பழைய நகரம் இரண்டு தட்டு. மேலே தூம்பேயா குன்று: ஆயரும் பிரபுக்களும் இருந்த இடம். கீழே வணிகர் நகரம்: 1248 முதல் லூபெக் என்ற ஜெர்மன் வணிக நகரின் சட்டப்படி தன்னைத் தானே ஆண்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால்தான் நடுவிலும் மதில். அந்தப் பிணக்கைக் கண்ணால் பார்க்க, காலையிலேயே குன்றுக்குப் போய்விட்டு 'குட்டைக்கால்' என்று பொருள்படும் லுஹிகே யால்க் வழியாக இறங்குங்கள். ஒடுங்கிய சரிவு, படிகள், வாசற்கோபுரத்தில் தடித்த மரக்கதவு. அந்தக் காலத்தில் இரவில் அதைச் சாத்திவிட்டால் மேல் ஊர் வேறு, கீழ் ஊர் வேறு. கோடையில் கப்பல் பயணிகள் வந்து இறங்கிய பிறகு இந்த வழியில் நெரிசல்தான்.

சப்பாத்து விஷயத்தில் கவனம். கோணேசர் கோயிலுக்கு ஏறும் தார் வீதி போல இல்லை. தெருவெல்லாம் உருண்டைக் கற்கள், நடுவில் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மழை பெய்தால் வழுக்கும், பனி உறைந்தால் இன்னும் மோசம். மெல்லிய அடிச் செருப்போடு போனால் அரை நாளில் குதிகால் வலிக்கத் தொடங்கும். தடித்த ரப்பர் அடி, கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து நல்லது. சில்லுப் பெட்டியும் இந்தக் கற்களில் படாத பாடு படும். தங்குமிடத்தை மதிலுக்கு வெளியே, ட்ராம் நிற்கும் இடத்துக்கு அருகில் எடுங்கள்.

குன்றின் மேல் இருக்கும் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயத்துக்குள் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. கீழே நகரசபைச் சதுக்கத்தில், 1404இல் கட்டி முடிந்த மண்டபத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை உண்டு. 1422ஆம் ஆண்டுப் பதிவிலேயே அதன் பெயர் வருகிறது. இன்றைக்கும் அங்கே மருந்து வாங்கலாம்.

டிசம்பரில் பகல் ஆறு மணித்தியாலம்தான், ஜூனில் இரவு பத்தரை தாண்டியும் வெளிச்சம். முதல் தடவை என்றால் ஜூனில் போங்கள். அப்போதும் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும், பால்டிக் காற்று நம் கொட்டியாரக் குடாக் காற்று மாதிரி இதமாக இராது.