கேமரா எங்கடா நிக்குது?

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம்ம சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எவ்வளவோ வருகிறது. மழைக்காலத்தில் கெடிலம் ஆறு ஏறிவிட்டால் விடும் லீவு, ஆண்டுவிழா, மதியம் மணி அடித்ததும் பைப்படியில் தட்டு கழுவ நடக்கும் தள்ளுமுள்ளு. ஆனால் நான் எழுதப் போவது ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான். 1992 ஜனவரி, பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, நாங்கள் ஒன்பதாவது. வரலாறு புவியியல் எடுத்த சார் எங்களுக்கு வீடியோ டெக் போட்டு ஆஸ்திரேலியா காட்டினார்.

சார் பெயரை நான் எழுதவில்லை. பெயர் போட்டுப் பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. சுவர் வரைபடத்தைச் சுருட்டி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைக் குறுக்கே கடந்து வருவாரே, அவர்தான் என்றால் எங்கள் செட்டுக்குப் புரியும்.

அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க ஆஸ்திரேலியா பேச்சுதான். நம்ம டீம் அங்கே விளையாடிக்கொண்டிருந்தது, அடுத்த மாதம் உலகக் கோப்பையும் அங்கேதான், விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து டிவி இருக்கிற வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம். சிட்னி, பெர்த், அடிலெய்டு எல்லாம் எங்களுக்கு விழுப்புரம், விருத்தாசலம் மாதிரி வாயில் வரும். "மைதானத்தைத் தவிர அந்த ஊர்ல என்னடா இருக்கு?" என்று சார் கேட்டார். கங்காரு என்றோம். அதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை.

கேசட் சிங்கப்பூரிலிருந்து வந்தது. சாருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே டிவியில் ஓடிய நிகழ்ச்சிகளைப் பதிவு பண்ணிக் கொண்டுவந்திருந்தார், அதனால் படத்துக்குக் கீழே சீன எழுத்து ஓடும், நடுநடுவே நூடுல்ஸ் விளம்பரம் வரும். ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு திருப்பாப்புலியூரில் ஒரு வீடியோ கடையில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தோம். ட்ரைசைக்கிளில் டிவியை மெத்தையில் சுற்றி வைத்து நாலு பேர் பிடித்துக்கொண்டே வந்தோம், கூடவே கடைப்பையன் ஒருத்தன், டெக்கை அவன் மட்டும்தான் தொடலாம் என்று கண்டிப்பு. ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடினோம். ஒரு ஜன்னலுக்கு ஜமுக்காளம் போதவில்லை, சார் தென் அமெரிக்கா வரைபடத்தை எடுத்து அங்கே மாட்டினார்.

முதல் தடவை சவுண்டே இல்லாமல் ஓட்டினார். எங்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "இங்கிலீஷ்ல அவன் சொல்றதைக் கேக்க ஆரம்பிச்சா நீங்க பாக்கறதை விட்டுடுவீங்க. முதல்ல கண்ணால பாருங்க, அப்புறம் காதுக்கு வரலாம்." பார்த்ததை நோட்டில் எழுதச் சொன்னார். இரண்டாம் தடவை சவுண்டு வைத்து, அவரே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு தடவையும் நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்வார்.

டெக்கில் படத்தை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. படம் நடுங்கும், குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு ஏறி இறங்கும். டேப் ஒரே இடத்தில் நிற்க, உள்ளே ஹெட் மட்டும் அதன்மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்து நிமிஷம் ஆனால் டெக் தானாகவே விட்டுவிடும். கடைப்பையனுக்கு உயிரே போகும், "சார் ஹெட்டு தேஞ்சிடும் சார், ஓனர் திட்டுவாரு சார்" என்று. சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு கேள்வியும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் முடியும்.

முதலில் நிறுத்தியது கங்காரு குட்டி போடும் இடத்தில். பாடப் புத்தகத்தில் கங்காரு வயிற்றுப் பையிலிருந்து குட்டி எட்டிப் பார்க்கும் படம் இருந்தது, குட்டி அங்கேயே பிறந்து அங்கேயே வளர்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். படத்தில் பார்த்தால், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே கருவில் இருந்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கிராம் எடைகூட இல்லாமல், கண் திறக்காமல், ரோஜா நிறத்தில் ஒரு புழு மாதிரி வெளியே வருகிறது. அம்மா தூக்கி விடுவதில்லை. அதுவே முன்னங்கையால் ரோமத்தைப் பற்றிப் பற்றி மேலே ஏறுகிறது. வகுப்பில் சத்தமே இல்லை, பின்பெஞ்சுக்காரர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். பைக்குள் போனதும் காம்பைக் கவ்விக்கொள்ளும், அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அங்கேதான் வாசம்.

சார் அங்கே நிறுத்தி, "டேய், கேமரா எங்கடா நிக்குது?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "இவ்ளோ கிட்டக்க தெரியுதே, எடுத்தவன் எங்க இருந்து எடுத்திருப்பான்? எத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்திருப்பான்? அந்தக் கங்காரு அவனைப் பாத்து ஏன் ஓடல?" ஒருத்தன், அது வளர்ப்புக் கங்காருவாக இருக்கும் சார் என்றான். சார் அவன் முதுகில் தட்டினார். அந்தப் பதில் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்கு என் மண்டையில் ஏறியது, இறங்கவே இல்லை.

அதே காட்சியில் கங்காருவுக்குப் பின்னால் நிற்கும் மரத்தைக் காட்டி, இது என்ன மரம் என்றார். நாங்கள் மொத்தமாகக் கத்தினோம், "தைல மரம் சார்!" வெளிறிய பட்டை, உரிந்து தொங்கும் தோல், நம்ம ஊர்ப் பக்கம் முந்திரிக் காட்டை ஒட்டிப் பார்க்கிற அதே மரம். அது அங்கிருந்து இங்கே கொண்டுவந்து நட்டது என்று அன்றுதான் தெரியும். நம்ம கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்பு இருக்கிறதே, அந்த மரத்தின் சொந்த மண்ணும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும்தான். அப்புறம் கோண்டுவானா கதை வந்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒன்றாக ஒட்டிக் கிடந்த நிலம், அதற்குப் பெயரே நம்ம நாட்டுக் கோண்டு மக்களின் பகுதியிலிருந்து வந்தது என்றார். பிரிந்து தனியாகப் போன ஆஸ்திரேலியாவில், வேறு இடங்களில் அவ்வளவாக நிலைக்காத பை விலங்குகள் போட்டியில்லாமல் பெருகின. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸும் எகிட்னாவும் இன்றும் அந்தப் பக்கத்தில்தான். பிளாட்டிபஸின் பதப்படுத்திய தோல் லண்டனுக்குப் போனபோது, வாத்து அலகை வைத்துத் தைத்து யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று 1799இல் அதை ஆராய்ந்த அறிஞரே சந்தேகப்பட்டாராம்.

அடுத்தது வரலாறு. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

1770இல் கேப்டன் குக் கப்பலில் வந்து இறங்குவதை நாடகமாக நடித்து எடுத்திருந்தார்கள். பாய்மரம், அலை, தொலைநோக்கி, தூரத்தில் கரை, கரையில் எறும்பு மாதிரி இரண்டு ஆள். சார் நிறுத்தினார். கேமரா எங்கே நிற்கிறது? கப்பலில் சார். "அப்ப நாம யார் கூட வர்றோம்?" வெள்ளைக்காரன் கூட சார். "கரையில நிக்கறாங்களே ரெண்டு பேர், அவங்க கண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சிருக்கும்? எழுதுங்க." ஐந்து நிமிஷம். நோட்டில் நான் என்ன எழுதினேன் என்பது மறந்துவிட்டது, எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அந்த இரண்டு பேர் ஈட்டியோடு எதிர்த்து நின்றவர்கள், அவர்களை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்த மண்ணில் மக்கள் ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேலாக வாழ்ந்துவந்தார்கள். அப்படியிருந்தும் அதே வருஷம் ஆகஸ்டில் வடகோடியில் ஒரு சின்னத் தீவில் கொடியை ஏற்றி, கிழக்குக் கரை முழுவதும் இங்கிலாந்து ராஜாவுக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டார் குக். 1788 ஜனவரியில் பதினோரு கப்பலில் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

படம் முடிந்த மறுநாள் ஞாயிறு, வர விரும்புகிறவர்கள் வாருங்கள் என்று சைக்கிளில் தேவனாம்பட்டினம் கூட்டிப் போனார். புனித டேவிட் கோட்டையின் மிச்சம் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் குண்டு கிராமம் கதையை நான் முதலில் கேட்டது அங்கேதான். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்று பேச்சு. "அந்த ஊர்ல நெல்லு குத்திக்கிட்டிருந்த பாட்டி, பொழுது விடிஞ்சா வேற கொடிக்கு வரி கட்டணும். அவகிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார் சார். "இங்கயாவது யார்கிட்டயோ காசு குடுத்து வாங்கினான். அங்க ஆளே இல்லாத நிலம்னு எழுதிக்கிட்டான்." இரண்டு ஊரையும் அவர் சேர்த்துக் கட்டியது அந்தக் கடற்கரை மணலில்தான். எங்களுக்கு ஆஸ்திரேலியா அதற்கப்புறம் வெளியூர் வரலாறாகத் தெரியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, நான் இங்கே மெல்போர்னுக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டோரஸ் நீரிணையில் உள்ள மேர் தீவைச் சேர்ந்த எட்டி மாபோ, எங்கள் நிலம் எங்களுடையதுதான் என்று பத்து வருஷம் வழக்காடியவர், நாங்கள் அந்தப் படம் பார்த்த அதே 1992 ஜனவரியில் இறந்துபோனார். ஜூன் 3ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தையே தள்ளிவிட்டது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. சாருக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தால் நிச்சயம் வகுப்பில் சொல்லியிருப்பார்.

கேசட்டின் கடைசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு துண்டுப் படம். கம்பி வேலிக்குள் நாய் மாதிரி ஒரு பிராணி, முதுகின் பின்பாதியில் மட்டும் பட்டை பட்டையாகக் கோடு, வால் விறைப்பாக. குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறது, படுக்கிறது, வாயைத் திறக்கிறது, அவ்வளவு பெரிய வாய். டாஸ்மேனியப் புலி. புலியும் இல்லை நாயும் இல்லை, கங்காரு மாதிரி பை உள்ளது. ஆட்டைத் தின்கிறது என்று 1888இலிருந்து 1909 வரை தலைக்கு ஒரு பவுன் என்று அரசாங்கமே பரிசு கொடுத்தது, இரண்டாயிரத்துக்கு மேல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். கடைசியாக அறியப்பட்டது ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று செத்தது. அதைக் கொல்லக் கூடாது என்று சட்டப் பாதுகாப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"கேமரா எங்கடா நிக்குது?" கூண்டுக்குள்ளே சார். "ஏன் காட்டுல எடுக்கல?" யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்து டெக் நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் ஒரு பொய்யும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகள் ஒருவர்கூட மிச்சமில்லாமல் அழிந்துபோனார்கள், 1876இல் இறந்த ட்ருகனினி என்ற பெண்தான் கடைசி என்று படத்தில் சொன்னார்கள், சார் அதை அப்படியே தமிழில் சொன்னார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். இருபது வருஷத்துக்கு மேல் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே மெல்போர்னில் குடியேறியபின் ஒரு தடவை குடும்பத்தோடு ஹோபார்ட் போனபோது, எங்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டிய அம்மாவிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நான் பலாவா. என் அம்மாவும் பலாவா. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்றார். டாஸ்மேனியப் பூர்வகுடிகள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, மன்னிப்புக் கேட்டேன். ட்ருகனினியின் எலும்புக்கூட்டை 1947 வரை காட்சிக்கு வைத்திருந்ததையும், அவர் கேட்டுக்கொண்டபடி சாம்பலைக் கடலில் கரைக்க 1976 வரை ஆனதையும் அவர்தான் சொன்னார். தீவுகளில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்துகொண்டிருந்தபோது, எந்தக் கேமராவும் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று இரவே ஓட்டல் அறையிலிருந்து சாருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்பா சொல்லிக் குடுத்துட்டேனேப்பா. நம்ம பசங்க எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சனிக்கிழமைகளில் நான் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒன்று முடியும் முன்னாலேயே அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. நான் முதலில் செய்வது அந்தத் தானியங்கி ஓட்டத்தை அணைப்பது, அடுத்தது சவுண்டைக் குறைப்பது. 2021இல் அந்த டாஸ்மேனியப் புலிப் படத்துக்கு வண்ணம் சேர்த்து வெளியிட்டார்கள், 1933இல் எடுத்தது. அதைப் போட்டேன். மஞ்சள் கலந்த பழுப்பு ரோமம், கறுப்புக் கோடு, மூச்சு விடும்போது ஏறி இறங்கும் வயிறு. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அங்கிள், இதை எடுத்தவரும் கூண்டுக்குள்ளயா இருக்காரு? அவருக்குப் பயமா இல்லையா?" என்றாள். ஆமாம் கண்ணு, உள்ளேதான் இருந்தார், அது அவரைக் கடிக்கவும் செய்தது என்றேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். அந்தக் கேசட் சாரிடம் இல்லை, எங்கள் செட்டில் யாரோ பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனதாக நினைவு என்கிறார். கறுப்பு உறை, முதுகில் நீல மையில் சார் கையெழுத்தில் "ஆஸ்தி." என்று மட்டும் இருக்கும். பரணில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், செலவு என்னுடையது. நூடுல்ஸ் விளம்பரத்தோடு அப்படியே வேண்டும். கிடைத்தால் சங்கத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.