கிளட்ச் மேல் பழி, குற்றம் நடு பேரிங்கில்

என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் புறப்பாட்டு உதறல் ஒழிந்துவிட்டது. சிக்னலில் பச்சை விழுந்து கிளட்சை விட்டதும் முதுகுக்குப் பின்னால் குடுகுடுவென்று ஆட்டி எடுத்த வண்டி இப்போது பேசாமல் நகர்கிறது. பட்டறையில் காட்டியபோதெல்லாம் கிளட்ச் செட்டை மாற்று, ஃப்ளைவீலைக் கடைசல் பிடி என்றுதான் சொன்னார்கள். கிளட்சை நான் தொடவே இல்லை. அதற்குச் சொன்ன விலையில் பாதிகூடச் செலவாகவில்லை. இந்தப் பெருமையைக் கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். இன்னொரு சத்தம் பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி 2008 விகோ, 2.5 டீசல், ஐந்து கியர் மேனுவல், ஃபோர் வீல். என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ பின் ஸ்பிரிங்குக்கு நீள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சாசியோடு இணைக்கும் துண்டு) மாட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. வினையும் அங்கேதான்.

தொல்லை மூன்று விதம். புறப்படும்போது 10-இலிருந்து 30 கிலோமீட்டர் வேகம் வரை உதறல். 80-ஐத் தொட்டால் இருக்கைக்கு அடியில் சன்னமான நடுக்கம். 70-க்குப் பக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து 'ஊய்ங்'. மூன்றையும் ஒரே நோயாக நினைத்தால் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

கிளட்ச் இல்லை என்று எப்படித் தெரியும்? கிளட்ச் உதறல் என்றால் பெடல் பாதியில் நின்று பிளேட் வழுக்கும்போது மட்டும்தான் வரும். காலை முழுதாக எடுத்து பிளேட் பிடித்துக்கொண்டதும் நின்றுவிடும். என் வண்டியில் காலை எடுத்த பிறகும் உதறியது, இரண்டாம் கியரில் மெல்ல உருட்டி அழுத்தினாலும் உதறியது. இதைச் சொன்னால் பட்டறையில் கேட்டால்தானே!

உண்மையான துப்பு தைப்பூசத்தின்போது கிடைத்தது. தண்ணீர்மலைப் பக்கம் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு அரிசி மூட்டையும் பானப் பெட்டிகளும் பின்னால் நிறைய ஏற்றிப் போனோம். அன்றைக்குப் பார்த்து உதறலே இல்லை. "என்ன மச்சான், கிளட்ச் தானாவே சரியாயிடுச்சா?" என்று மச்சான் கேட்டான். கிளட்ச் போயிருந்தால் சுமை ஏற்றியதும் இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். சுமை ஏறியதும் மாறியது ஒன்றே ஒன்று: பின்பக்கம் தாழ்ந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் ப்ரொப் ஷாஃப்டின், அதாவது கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டின், சாய்வு குறையும். அப்போதே கோணத்தின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

முதலில் 80-இல் வரும் நடுக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபமாக முடிந்தது. அதிர்வை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, இருக்கையின் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டினேன். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போக நம்ம பினாங்கில் இரண்டாம் பாலத்தைவிட நல்ல இடம் கிடையாது. 2014-இல் திறந்தது, பத்து காவானில் ஏறினால் பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். ஞாயிறு காலையில் லோரிகளும் குறைவு.

கணக்கு இதுதான். 255/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.25 மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர், டயர் நொடிக்குப் பத்துச் சுற்று. சக்கரம் ஒரு சுற்று போக ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதுதான் டிஃப் (பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர்ப் பெட்டி) விகிதம், அதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். கியர் நியூட்ரலில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்டில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். மறு சக்கரம் நிற்பதால் ஒன்றின் இரண்டு சுற்று, இரண்டும் சேர்ந்து ஓடும் ஒரு சுற்றுக்குச் சமம். எனக்கு நான்கு, மேலே கொஞ்சம் கொசுறு. ஆக 80-இல் ஷாஃப்ட் நொடிக்கு 40 சுற்று. டயர் கோளாறு என்றால் போனில் 10 ஹெர்ட்ஸில் முளைக்கும், ஷாஃப்ட் எடை சமமில்லை என்றால் 40-இல், யூ-ஜாயின்ட் (ஷாஃப்டைச் சாய்வாக இணைக்கும் சிலுவை மூட்டு) கோணம் தப்பு என்றால் சுற்றுக்கு இரண்டு உதை வீதம் 80-இல். பாலத்தில் 40-இல் ஊசி போல ஒரு கோடு எழுந்தது, 10-இல் ஒன்றுமே இல்லை. டயர் பேலன்ஸ் செய்யச் சொன்னவர்களுக்கு இந்தப் படத்தை அனுப்பி வைத்தேன்.

நான்காம் கியர் நேரடி கியர், இஞ்சினும் ஷாஃப்டும் ஒரே சுற்றில் ஓடும். அதனால் 40 ஹெர்ட்ஸ் இஞ்சினுடையதாகவும் இருக்கலாம். ஐந்தில் போட்டு அதே 80-இல் ஓட்டினால் இஞ்சின் 2400-இலிருந்து 2000-க்கு இறங்குகிறது, நடுக்கம் மட்டும் அங்கேயே நிற்கிறது. இஞ்சின் தப்பித்தது. இன்னொன்று: மலிவான போன்கள் நொடிக்கு நூறு முறைதான் அளக்கும். அவற்றில் 80 ஹெர்ட்ஸ் அதிர்வு பொய்யாக 20-இல் தெரியும். அதைப் பார்த்துவிட்டு சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஃபோர் வீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பின் ப்ரொப் ஷாஃப்டை முழுவதும் கழற்றிவிட்டு, ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இயக்கத்தில்) போட்டு முன் சக்கரத்தால் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். இதில் இரண்டு முனையும் ஃப்ளாஞ்ச் என்பதால் எண்ணெய் ஒழுகாது. பின் ஷாஃப்ட் இல்லாததால் தார் ரோட்டில் ஃபோர் ஹை போட்டாலும் முறுக்கிக்கொள்ளாது. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் உள்ள ரோட்டில் ஒரு நடை போய் வந்தேன். உதறல் இல்லை. அதற்குமேல் வாதத்துக்கு இடமில்லை.

கழற்றிய ஷாஃப்டைப் பார்த்ததும் பாதி கதை புரிந்தது. துருவுக்காக அடிக்கும் கறுப்பு அண்டர்கோட்டை யாரோ ஷாஃப்ட் மேலேயும் அடித்திருக்கிறார்கள். அது ஒரு பக்கமாக வழிந்து திரண்டு காய்ந்து கிடந்தது. அடிக்கிற ஆளுக்கு ஷாஃப்ட் சுற்றும் என்பதாவது தெரிய வேண்டாமா? ஷாஃப்ட் இரண்டு துண்டு, அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் கையில் வழுவழுவென்று சுற்றியது, ஆனால் அதைத் தாங்கும் ரப்பரின் கீழ்ப்பாதி கிழிந்து தொங்கியது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நடு யூ-ஜாயின்டின் கப் (சிலுவையின் முனையை மூடும் ஊசி பேரிங்) விளிம்பில் செம்மண் நிறத்தில் பொடி. அது உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருப்பிடித்ததன் அடையாளம்.

யூ-ஜாயின்ட் மாற்றுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்று மட்டும்: கப்பை அழுத்தும்போது ஊசி ஒன்று சாய்ந்து அடியில் படுத்துவிட்டால் சர்க்ளிப் (கப்பைப் பிடித்து வைக்கும் கிளிப்) பள்ளம் முழுதாகத் தெரியாது. அங்கே சுத்தியலால் பேசக் கூடாது, திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்ளிப் பல தடிமனில் வருகிறது. ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி தேர்ந்தெடுத்து இரண்டு பக்கமும் ஒரே தடிமன் போட வேண்டும். பெட்டியில் வரும் ஒரே ஜோடியை மாட்டிவிட்டுப் போவதுதான் நடைமுறை, அப்புறம் ஏன் சிலுவை நடுவில் இல்லை என்று தலையைச் சொறிவது. கழற்றும் முன் யோக்குகளுக்கு (சிலுவையைப் பிடிக்கும் கவைகளுக்கு) குறுக்கே பெயின்ட் கோடு போட மறக்காதீர்கள். ஷாஃப்ட் நீண்டு குறுக இடம் கொடுக்கும் ஸ்லிப் யோக்கை ஒரு பல் தள்ளி மாட்டினால்கூட புதுப் பாகத்தோடு பழைய உதறல் வரும்.

பாகங்கள் விஷயம். யூ-ஜாயின்ட் கோயோவா ஜிஎம்பியா என்று நான் அலட்டிக்கொள்வதில்லை, அசலாக இருந்தால் இரண்டும் நன்றாகவே உழைக்கும். அந்த 'அசலாக' என்பதுதான் சிக்கல். இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய பெட்டியில் அச்சு மங்கல், கப்பில் எழுத்தே இல்லை, கிரீஸ் நிப்பிள் துளை கோணலாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டு புக்கிட் மெர்தாஜாமில் பழைய ஸ்பேர் பார்ட் கடையில் வாங்கினேன். கடை முதலாளி தவுக்கே பழைய சிலுவையைக் கையில் வாங்கி வெர்னியரால் அளந்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்பினார். அந்த மரியாதைக்கே பத்து வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்கலாம். சென்டர் பேரிங்கை மட்டும் ரப்பருக்காக ஒரிஜினலாகப் போட்டேன். மலிவு ரப்பர் கல் மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் தொங்கிவிடும்.

அண்டர்கோட்டைச் சுரண்டி, ஷாஃப்டைப் பிறை ஊரில் பேலன்ஸ் செய்யும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அங்கிள் அதை மெஷினில் ஏற்றிச் சுற்றி, பின்முனையில் ஒரு சின்னத் தகட்டை வெல்டு வைத்தார். மாட்டி ஓட்டினால் 80-இல் டேஷ்போர்டில் வைத்த காசு நகரவில்லை. போனிலும் 40-இல் கோடு படுத்துவிட்டது.

உதறல்? பாதி குறைந்தது, போகவில்லை. புது ரப்பர் அதை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனிதான் என்னை ஆட்டிப்படைத்த கட்டம். யூ-ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது வெளியே வரும் சுற்று சீராக இருக்காது, சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அடுத்த ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடும். கோணங்கள் சமமில்லை என்றால் மிச்சம் சென்டர் பேரிங்கைப் போய் உதைக்கும். புறப்படும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு டிஃபின் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முன்முனை) வேறு மேலே எழும். அதனால்தான் உதறல் அந்த நேரத்தில் மட்டும்.

காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கினேன். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், சாசியில் ஸ்டாண்ட் வைத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுக்கும் அளவு குப்பை. கோணமானியை ஒரே பக்கம் பார்க்க வைத்து எல்லா இடத்திலும் அளக்க வேண்டும். பெயின்டையும் துருவையும் வயர் பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் அரை டிகிரி அங்கேயே போய்விடும். கிடைத்தது: கியர்பாக்ஸ் பின்னோக்கி 3.2 டிகிரி சரிவு, ஷாஃப்டின் முன் துண்டு 4.1, பின் துண்டு 9.8, டிஃப் 5.5. கழித்தால் ஜாயின்டுகளில் கோணம் 0.9, 5.7, 4.3. கடைசி இரண்டும் ஒன்றையொன்று கழிக்க வேண்டியவை, நடுவில் 1.4 வித்தியாசம். ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நீள ஷேக்கிள் ஸ்பிரிங்கின் பின்முனையை இறக்கி டிஃபின் மூக்கை மேலே திருப்பிவிட்டது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

ஷேக்கிளைக் கழற்றினால் சரியாகும். ஆனால் பின்பக்க உயரம் போனால் முன்பக்கத்தையும் இறக்க வேண்டும், அது இன்னொரு செலவு. அதற்குப் பதில் சென்டர் பேரிங் பிராக்கெட்டைச் சாசியிலிருந்து சற்றுக் கீழே இறக்கினேன். முதலில் வாஷர்களை அடுக்கிப் பார்த்தேன். 4 மில்லிமீட்டரில் வித்தியாசம் தெரிந்தது. 8-இல் உதறல் நின்றது. ஆசையில் 12 வரை போனால் முதல் ஜாயின்டின் கோணம் ஏறி 60-இல் புதிதாக ஒரு முனகல் கிளம்புகிறது. திரும்ப 8. இப்போது கோணங்கள் 1.7, 4.4, 3.8. வாஷர் அடுக்கு சரியான வேலை இல்லை, ஆதலால் 8 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் இரண்டு துளை போட்டுத் துண்டாக வெட்டி, போல்ட்டையும் அதற்கேற்ப நீளமாக, அதே தரத்தில் மாற்றிவிட்டேன். பிராக்கெட் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புது ரப்பரும் ஒரு பக்கம் இழுபட்டுக் கிழியும்.

கிரீஸ் அடிக்கும்போது ஸ்லிப் யோக்கில் அளவோடு அடியுங்கள். உள்ளே அடைத்துவிட்டால் அது நீளவும் குறுகவும் இடமிருக்காது, பம்ப் மாதிரி டிஃபைத் தள்ளும். வண்டி நிற்கும் நொடியில் பின்னாலிருந்து வரும் 'டொக்' என்ற சத்தம் என் வண்டியில் அங்கே கிரீஸ் காய்ந்ததால் வந்தது. அது ஒரே நாளில் போனது, யாரும் கவனிக்கக்கூட இல்லை, எனக்குத்தான் காதில் நின்றது.

பாக்கி இருப்பது அந்த 'ஊய்ங்'. இடது வலது என்று வண்டியை வளைத்தால் மாறுவதில்லை, அதனால் வீல் பேரிங் இல்லை. பாலத்திலும் பக்கத்துச் சாலையிலும் ஒரே குரல், டயரும் இல்லை. காலை எடுத்தால் கூடுகிறது, மிதித்தால் அடங்குகிறது. டிஃபின் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியை வாங்கும் சின்னக் கியர்) பேரிங் தளர்ந்திருக்கும்போது இப்படித்தான் பாடும். எண்ணெயை இறக்கிப் பார்த்தேன், வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைதான், செதில் இல்லை. ஆகவே அவசரம் இல்லை.

பினியன் நட்டை அரைச் சுற்று முறுக்கிவிட்டால் போதும் என்று மச்சான் சொல்கிறான். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கிறது, ஒரு முறை தேவைக்கு மேல் நசுங்கினால் திரும்ப வராது, பேரிங் இறுகிச் சூடாகும். பிரித்து, புது ஸ்லீவ் போட்டு, சுழலும் இறுக்கத்தை அளந்து செய்யும் வேலை அது. அதற்கு இஞ்ச்-பவுண்டு அளக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும், என்னிடம் இருப்பது வீல் நட்டுக்குத்தான் லாயக்கு. இல்லையென்றால் ஹாஃப் கட் கடையில் (அறுத்த பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) முழு டிஃபாகவே வாங்கி மாற்றலாம். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் ஃபோர் ஹை போட்ட அன்றே எதையாவது உடைக்கும். தவுக்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டிஃப் வந்தால் ரிங் கியரின் (பினியன் சுழற்றும் பெரிய கியரின்) பற்களை எண்ணி, பினியன் பற்களால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பேன்.