கரி இல்லாத கறுப்பு: பல்லடம் வெயிலுக்கு ஒரு சீட் கவர்

சித்திரை மாத மதியத்தில், பல்லடத்தில் வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வேலையை ஏன் தொடங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளை சீட் கவர் போட்டால் சூடு குறையும். ஆனால் பஞ்சுத் தூசியும் செம்மண் புழுதியும் பறக்கும் ஊரில் அது வெள்ளையாக இருக்கப் போவதில்லை. பார்க்கக் கறுப்பாக இருக்க வேண்டும், வெயிலையும் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி ஒரு துணியை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றுதான் இறங்கினேன். ஓரளவுக்கு முடிகிறது.

சூரிய ஒளி கொண்டுவரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. புற ஊதாவின் பங்கு 5 சதவீத அளவுதான். ஆனால் தோலைக் கருக்குவதும் நூலை இற்றுப்போக வைப்பதும் பெரும்பாலும் அதுதான். ஒரு துணி கறுப்பாகத் தெரிய, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விழுங்கினால் போதும். அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துணியில் அச்சடிக்கும் வழக்கமான கறுப்பு பேஸ்ட்டில் இருக்கும் கார்பன் பிளாக், அதாவது கரித்தூள், மட்டும் பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வாசலில் இருக்கும் சிசிடிவி கேமராவே போதும். இரவில் அது அகச்சிவப்பு விளக்கை எரியவிட்டுத்தான் பார்க்கிறது. பெரும்பாலும் 850 நானோமீட்டர். திருப்பூர் காதர்பேட்டையில் எடைக்கு வாங்கிய கறுப்பு பனியன் கட் பீஸ்களைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு வாசல் விளக்கை அணைத்தேன். சாயம் போட்ட கறுப்புத் துணிகள் திரையில் வெளிர் சாம்பலாகத் தெரிந்தன. ஒரு பீஸில் கறுப்பு மேலேயே கறுப்பு பிக்மெண்ட் (துணியின் மேல் ஒட்டி நிற்கும் நிறமி) பிரிண்ட் இருந்தது. பகலில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது. கேமராவில் துணி வெளுத்து, எழுத்துகள் மட்டும் கன்னங்கரேலென்று நின்றன. இனி கார்பன் வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

நீலம், சிவப்பு, மஞ்சள் பிக்மெண்ட்களைக் கலந்து கறுப்பு எடுப்பதுதான் வழி. இவற்றில் பெரும்பாலானவை அகச்சிவப்பை விழுங்காமல் விட்டுவிடும். திருப்பூரில் தெரிந்த பிரிண்டிங் பட்டறை அண்ணா நான் கலக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க தம்பி, கறுப்பு டப்பா அங்கேயே இருக்குது. எதுக்கு மூணு கலரைக் கலந்து காசைக் கரியாக்கறீங்க?” என்றார். “கரி வேண்டாம்னுதானுங்ணா கலக்கறேன்” என்றேன். சிரித்துவிட்டு மிச்சம் கிடந்த நீலத்தையும் கொடுத்தார். சிவப்பு கொஞ்சம் கூடினால் காபிக் கொட்டை நிறம், நீலம் கூடினால் மயில் கழுத்து. நல்ல கறுப்பு வர நிதானம் வேண்டும்.

இந்தக் கலவையை மட்டும் பூசினால் வேலை பாதிதான். அகச்சிவப்பு அதைக் கடந்து கீழே உள்ள கறுப்பு ரெக்சினில் போய் விழும். அதனால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு தேவை. அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் அதற்கு மூலப்பொருள்களில் ஒன்று. இதில் அனடேஸ், ரூட்டைல் என்று முக்கியமாக இரண்டு படிக வகைகள் உண்டு. ஒளியைச் சிதறடிப்பதில் ரூட்டைல்தான் கெட்டி. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. புற ஊதாவையும் நன்றாக விழுங்கும்.

அப்படி விழுங்கியதை வைத்துக்கொண்டு அது சும்மா இருப்பதில்லை. துகளின் மேற்பரப்பில் வினை நடந்து, சுற்றியுள்ள பைண்டரையும் (நிறமியைத் துணியோடு ஒட்டவைக்கும் பசை) நூலையும் அரித்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் புற ஊதா பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டியது இதே குணத்தைத்தான். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு துகளுக்கும் சிலிகா, அலுமினா மேலுறை போட்டு விற்கிறார்கள். உறை போடாத அனடேஸ் தூளையும், உறை போட்ட ரூட்டைலையும் ஒரே பைண்டரில் கலந்து, ஒரே காடா துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) பூசி, மொட்டை மாடியில் கோடை முழுக்கக் கிடத்தினேன். அனடேஸ் பக்கம் விரலால் தேய்த்தால் விபூதி மாதிரி கையோடு வந்தது. ரூட்டைல் பக்கம் நிறம் மங்கியதோடு சரி. விலையைப் பார்த்து உறை போடாத தூளை வாங்காதீர்கள். தூளாக வாங்குபவர்கள் கலக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ்ட்டாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

சோமனூர் பக்கத்துக் காடா துணியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பிளீச் செய்யாத பருத்தி, செய்ததைவிடப் புற ஊதாவை அதிகம் தடுக்கும். வெளுத்த துணியில் போடும் பளிச்சாக்கி புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் தானே நீலமாக ஒளிர்ந்து சோதனையைக் கெடுக்கும்; காடாவில் அந்தத் தொல்லையும் இல்லை. என் சோதனை எளிது: 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அந்த வெளிச்சத்தில் எண்கள் ஒளிரும் ஒரு நூறு ரூபாய் நோட்டு, நடுவில் துணி. வெறும் காடா துணி வழியாக நோட்டின் எண்கள் மங்கலாக ஒளிர்ந்தன. வெள்ளைப் பூச்சு போட்ட பிறகு எதுவும் தெரியவில்லை.

பூசியது ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில்தான். வெள்ளை இரண்டு இழுப்பு, நிழலில் காய்ந்த பின் கறுப்பு ஒரு இழுப்பு. பைண்டர் பிடிக்க 150 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம் வேண்டும். பட்டறை க்யூரிங் மெஷினில் விட்டு எடுத்தோம். ஸ்கிரீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தட்டில் காயவைத்து வழித்துப் போட்டேன். 2011இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. நொய்யல் ஆற்றுக்கு என் பங்கு கழிவும் வேண்டாம்.

அளப்பதில் ஒரு எச்சரிக்கை. துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் சாதாரணத் துணிக்குச் சரி. சில்வர் பேஸ்ட் பூசிய துணியில் காட்டினால் ஜில்லென்று எண் வரும், தொட்டால் சுடும். அந்தப் பேஸ்ட்டில் இருக்கும் அலுமினியம் தன் வெப்பத்தைக் கதிராகக் குறைவாகவே வெளிவிடுவதால் கருவி ஏமாறுகிறது. அதனால் தொட்டு அளக்கும் கம்பியான தெர்மோகப்பிளின் முனையைத் துணிக்கு அடியில் நூலால் கட்டி அளந்தேன். காற்றில்லாத உச்சி வேளையில் கார்பன் கறுப்பு 66, என் கறுப்பு 55, வெறும் வெள்ளை 46 டிகிரி. வெள்ளையை எட்டவே முடியாது. கறுப்பாகத் தெரிவதற்காக விழுங்கும் வெளிச்சமும் சூடாகத்தானே மாற வேண்டும். ஆனால் 66க்கும் 55க்கும் உள்ள வித்தியாசத்தை உட்காருகிறவர் உணர்வார்.

பட்டறையில் பேர்ல் பேஸ்ட்டையும் மேலே ஓட்டிப் பார்த்தோம். அதுவும் உறை போட்ட சரக்குதான்: அபிரகச் செதில் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு. சூடு பெரிதாகக் குறையவில்லை. கல்யாண வண்டி மாதிரி மின்னியதால் விட்டுவிட்டேன்.

சட்டைத் துணிக்கு இந்த முறை ஆகாது. இரண்டு பூச்சில் துணி விறைத்து, நூலிடைக் கண்கள் அடைத்து, வேர்வை உள்ளேயே நிற்கும். சீட் கவருக்கும் குடைக்கும் தறிக்குடோன் ஜன்னல் திரைக்கும் சரி.

இப்போதைய தலைவலி நிறம். மாதக்கணக்கில் வெயில் பட்டதும் சிவப்பு முதலில் வெளுத்து, கவர் பச்சைச் சாயலுக்குப் போகிறது. உலையில் சுட்டெடுக்கும் கலப்பு ஆக்சைடு நிறமிகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. சென்னையில் பிறந்த வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன் குழு 2009இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த யின்மின் (YInMn) நீலமும் அந்த வகைதான். அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதில் இண்டியம் இருப்பதால் நம் பைக்கு எட்டாது. இரும்பு-குரோமியம் ஆக்சைடு கறுப்பு எட்டும். மாதிரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அதே வெள்ளைப் பூச்சின் மேல் ஓட்டி, முதலில் சிசிடிவிக்கு முன்னால் தொங்கவிட வேண்டும்.