ஜாப் போட்டா பந்து கிடைக்கணும்னு இல்லை

ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுபவர்கள் அதிகம் வீணடிப்பது ஜாப் டேக்கிளைத்தான். (எதிராளியிடமிருந்து பந்தைத் தடுக்கவோ பறிக்கவோ செய்யும் முயற்சிதான் டேக்கிள்.) இடது கையால் மட்டையின் மேல்முனையைப் பிடித்து, மட்டையைத் தரையை ஒட்டி நீட்டி, பந்தின் அடியில் ஒரு குத்து. அவ்வளவுதான் ஜாப். அதிலேயே பந்தைப் பறித்துவிடலாம் என்று ஆளே பாய்ந்துவிடுகிறார்கள். எதிராளி பந்தை ஒரு ஜாண் நகர்த்தினால் போதும், தாண்டிப் போய்விடுவார்.

ஜாப் பெரும்பாலும் பாசாங்குதான். எதிராளியைக் குனிந்து பந்தைப் பார்க்கவைப்பதும், ஓட்டத்தைக் குறைப்பதும்தான் அதன் வேலை. இடது கால் முன்னே, முழங்கால் மடங்கி இருக்கட்டும். குத்திய வேகத்திலேயே மட்டை திரும்பி வரவேண்டும். உடம்பின் எடை முழுசாக முன்காலில் இறங்கிவிட்டால் பின்னால் ஓட முடியாது. வலது காலை முன்வைத்துக் குத்தினால் இடுப்பு திரும்பிக்கொள்ளும், எட்டும் தூரமும் குறையும்.

அதற்கு முன்னால் நிற்கும் இடம் சரியாக இருக்கவேண்டும். மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் ஆடக்கூடாது என்பதால் நமக்கு வலப்பக்கம்தான் பலம். எதிராளி பந்தைத் தன் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் வைத்து வருவார். நேருக்கு நேர் நிற்காமல் அரை அடி இடதுபுறம் தள்ளி நின்று அந்த வழியை அடைத்துவிடுங்கள். அவர் நம் வலப்பக்கம்தான் போயாக வேண்டும். வலது ஓரத்தில் டிஃபென்ஸ் ஆடும் ரைட் பேக்குக்கு அந்தப் பக்கம் சைடு லைனும் துணை. லெஃப்ட் பேக் பாவம், லைன் இருப்பது அவருடைய ரிவர்ஸ் பக்கம், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்து ஆடவேண்டிய இடப்பக்கம். கால்களைச் சீக்கிரம் நகர்த்தி உடம்பைப் பந்துக்கு நேரே கொண்டுவராவிட்டால் ரிவர்ஸில் தடவிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

பறிப்பதற்கு பிளாக் டேக்கிள். இரண்டு கைகளையும் இறக்கி, இடது கை விரல்முட்டி தரையை உரசும் அளவுக்கு மட்டையைப் படுக்கவையுங்கள். இடது கை ஒரு விரல்கடை உயர்ந்தாலும் பந்து அடியில் நுழைந்துவிடும். பந்து எதிராளியின் மட்டையைவிட்டு விலகும் நொடிதான் நேரம். முந்தினால் அவர் மட்டையில் இடிக்கும், அது ஃபவுல்.

அதே ஃபவுலை நாம் நம் டி-க்குள், அதாவது நம் கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் செய்தால் எதிரணிக்குக் குறைந்தது பெனால்டி கார்னர், கோல் பக்கக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் கோல் வாய்ப்பு. நம் கோல் பக்கக் கோட்டிலிருந்து 23 மீட்டர் வரையுள்ள பகுதிக்குள் வேண்டுமென்றே செய்தாலும் அதே தண்டனைதான். பெனால்டி கார்னரின்போது கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால்.