காது சொல்லும் கட்

ஜேம்ஸ் பர்ரோஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகைச்சுவை அத்தியாயங்களை இயக்கியவர். ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடரின் 246 அத்தியாயங்களும் அவர் இயக்கியவையே. 2022இல் அவருடைய நினைவுக் குறிப்பு நூலாக வந்தது. பிரபலங்களின் கதைகளுக்காகப் பலர் வாங்கியிருப்பார்கள். செட்டில் நிற்பவர்களுக்கு அவரிடம் கற்க வேறொன்று இருக்கிறது: படப்பிடிப்பில் அவர் மானிட்டர் முன் உட்காருவதில்லை. கேமராக்களுக்குப் பின்னால் நடந்தபடி வசனத்தைக் கேட்பார். தந்தை ஏப் பர்ரோஸ், நியூயார்க்கின் பிராட்வே நாடக உலக ஆள். மகனும் நாடக மேடையிலிருந்து 1974இல் தொலைக்காட்சிக்கு வந்தவர். அந்தக் காது மேடையில் பழகியது.

பார்வையாளர்களை உட்காரவைத்து எடுக்கும் இவ்வகை நகைச்சுவைத் தொடருக்கு வழக்கமாக வாரத்துக்கு ஓர் அத்தியாயம். முதல் நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. அடுத்த இரண்டு நாள் ஒத்திகை. மாலையில் எழுத்தாளர்கள் வந்து பார்த்து, சிரிப்பு வராத வரிகளை இரவோடிரவாக மாற்றுவார்கள். நான்காம் நாள் கேமராக்களுக்கு இடம் குறிப்பது. தரையில் வண்ண டேப் ஒட்டுவார்கள். ஐந்தாம் நாள், பார்வையாளர்கள் முன்னால் நான்கு கேமராக்களும் ஒரே நேரத்தில் ஓடும்.

சிக்கல் அன்றுதான் தெரியும். ஒத்திகையில் இல்லாத சிரிப்பு இப்போது நடுவே வந்து விழுகிறது. நடிகர் அவசரப்பட்டால் அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடும். முழு அமைதிக்குக் காத்திருந்தால் காட்சியே ஆறிப்போகும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டும். அதுவரை கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அவர் இயக்கிய ‘சியர்ஸ்’ தொடர் ஒரு மதுக்கூடத்தில் நடப்பது இதற்கு எவ்வளவு வசதி! கிளாஸைத் துடைக்கலாம், பீர் ஊற்றலாம். அங்கே வாடிக்கையாக வரும் பாத்திரமான நார்ம் உள்ளே வந்ததும் எல்லோரும் பெயர் சொல்லிக் கூவுவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். நடந்தபடியே நார்ம் பதில் சொல்வார். சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்டூலுக்குப் போய்விடுவார். கதவுக்கும் ஸ்டூலுக்கும் இடையிலுள்ள தூரம் என்னைப் பொறுத்தவரை வசனத்துக்குச் சமம்.

இன்னொரு தவறு, நகைச்சுவை வரி வரும்போது பக்கத்தில் ஒருவர் அசைவது. பார்வையாளர் கண் அங்கே ஓடும்; சிரிப்பு பாதியாகும். இதைக் காதாலேயே பிடித்துவிடலாம்.

அதே காட்சியை மறுபடி எடுக்கும் இரண்டாவது டேக்கில் சிரிப்பு மெலியும், வரி முன்பே தெரிந்துவிட்டதால். அதனால்தான் எழுத்தாளர்கள் செட் ஓரத்திலேயே நிற்பார்கள். புது வரியை நடிகர் காதில் சொல்லிவிட்டு விலகுவார்கள். பார்வையாளர்கள் மறுபடியும் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள்.