பால் வடிந்து முடிகிற வரை

தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதினேன். 2019இல் தவறவிட்டேன், 2022இல் தேறினேன். இரண்டு முறையும் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டுதான் படித்தேன். வேலைக்குப் போவதால் படிக்க நேரமில்லை என்று சொல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் முறை நான் நேரத்தை மிச்சப்படுத்தும் கெட்டிக்காரன். விடியுமுன் நெற்றியில் விளக்கு, காதில் நடப்பு நிகழ்வுகள் ஒலிப்பதிவு. ஒரு நாள் ஏதோ ஒரு திட்டம் தொடங்கிய ஆண்டை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி வெட்டினேன். கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கிவிட்டது. அப்படிக் காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டுமுண்டாகத்தான் வளரும், அங்கே மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. தோட்டக்காரரிடம் வாங்கிய ஏச்சு நினைவிருக்கிறது. அந்த ஆண்டு எது என்பது மறந்துவிட்டது.

இரண்டாம் முறை வெட்டும்போது வெட்டு மட்டுமே. கடைசி மரத்தை முடித்தபின் சிரட்டையில் பால் வடிந்து தீர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுதான் என் படிப்பு நேரம். கைப்பேசி வீட்டில், கையில் ஒரே ஒரு பாடப்புத்தகம். இன்று ஆகுபெயர் என்றால் ஆகுபெயர்தான். இடையில் வட்டிக் கணக்குச் சூத்திரம் நினைவில் வந்து தொந்தரவு செய்தால் ஒரு துண்டுத்தாளில் குறித்துவிட்டு மீண்டும் ஆகுபெயருக்கே வருவேன். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் கொஞ்சம் பழையதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியிருக்கிறார். வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்துவிடும் ஒட்டுப்பால் போல என்று நான் புரிந்துகொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், மழையால் வெட்டு இல்லாத நாட்களில்தான் மிகக் குறைவாகப் படித்தேன். முழு நாளும் கிடைத்தது. நான்கு புத்தகங்களையும் விரித்துவைத்து, எதையும் முடிக்கவில்லை. பிறகு அந்த நாட்களிலும் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்துவிடுவேன். "பால் வடிந்தாயிற்று மக்களே" என்று அவர் கூப்பிடும்வரை திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். மழையில் ஏது பால்!

தேர்வறையிலும் இதே பிடிவாதம் வேண்டும். 200 வினா, 180 நிமிடம். தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களில் 40 விழுக்காடு, அதாவது 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழை முழுதாக முடித்த பிறகே பொது அறிவுப் பக்கத்தைத் திறந்தேன். விடை தெரிந்ததும் அப்போதே வட்டத்தைக் கருப்பாக்கினேன். பிறகு சேர்த்துச் செய்யலாம் என்று 2019இல் விட்டுவைத்து, ஒரு வரிசை தள்ளிப்போய், பத்து நிமிடம் வியர்த்தது போதும். திறனறிவுக் கணக்குகள் 25ஐயும் கடைசிக்கு வைத்தேன். அவற்றைத் தொடும்போது கையில் 45 நிமிடம் இருந்தது.