அப்பத்தாவின் முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

அப்பத்தா இறந்த மூன்றாம் நாள், படம் ஃபிரேம் போடும் வேலை என்னிடம் வந்தது. இருந்ததிலேயே நல்ல படம் போன பங்குனியில் நான் போனில் எடுத்ததுதான். உச்சி வெயில் நேரம். திண்ணைத் தூணில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவள், கூப்பிட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை அப்படியே விழுந்திருந்தது. ஆனால் பின்னால் தெரு முழுக்க வெயில், முகமோ நிழலில் இருண்டு கிடந்தது.

"முகத்தைக் கொஞ்சம் பிரைட் பண்ணிக் கொடுங்கண்ணே" என்று ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். சாயங்காலம் வந்த படத்தில் அப்பத்தா வெளுத்துப் போயிருந்தாள். கன்னத்துச் சுருக்கமெல்லாம் வழித்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆத்தா இல்லையேப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே லேப்டாப்பில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தேன்.

முகம் ஏன் இருண்டது என்பது தெரிந்த விஷயம்தான். கேமரா தன் முன்னால் உள்ள வெளிச்சத்தையெல்லாம் சராசரி பார்த்து, மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பாதிப் படம் வெயில் என்றால் எல்லாவற்றையும் இறக்கிவிடும். எடுக்கும்போதே திரையில் முகத்தின் மேல் விரலை வைத்திருந்தால் அது முகத்துக்கு அளந்திருக்கும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

முதலில் பிரைட்னெஸ்-கான்ட்ராஸ்டில் 60 வைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தூண் சாம்பல் பூத்தது. முகம் தெளியவில்லை, வெளிறியது. இந்த ஸ்லைடர் கறுப்பையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. கறுப்பு கறுப்பாக இல்லாவிட்டால் படம் மொத்தமும் புகை மூட்டம்தான். அவசரத்துக்குக்கூட நான் இதைச் சொல்லமாட்டேன்.

அடுத்து கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். அங்கே ஹிஸ்டோகிராம் தெரியும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை, இடையில் எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதை மேடு பள்ளமாகக் காட்டும். என் படத்தில் இடது பக்கம் ஒரு பெரிய மேடு, அது நிழல். வலது ஓரத்தில் சுவரில் முட்டிய ஒரு கோடு, அது தெருவும் அப்பத்தாவின் தோளில் வெயில் பட்ட வெள்ளைச் சேலையும். 255-இல் முட்டிய இடத்தில் நெசவும் இல்லை, மடிப்பும் இல்லை. எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நிழலில் ஏதாவது மிச்சம் இருக்கும். வெளுத்துப்போன இடத்தில் ஒன்றும் இருக்காது.

ஹிஸ்டோகிராமுக்குக் கீழே உள்ள நடு முக்கோணத்தை 1.00-இலிருந்து 1.40-க்கு நகர்த்தினேன். இது கறுப்பையும் வெள்ளையையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடுவை மட்டும் ஏற்றும். முகம் திறந்தது. ஆனால் தெரு இன்னும் கண்ணைக் கூசியது. சரி, முகத்துக்கு மட்டும் கொடுப்போம் என்று லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, நகல் எடுத்து, மேல் லேயரில் வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் கோட்டை நிழல் பகுதியில் மேலே வளைத்தேன். அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க், அதாவது ஒரு மறைப்பு, போட்டால் அந்த லேயர் முழுக்க மறைந்துவிடும்; மாஸ்க்கில் வெள்ளை தடவிய இடம் மட்டும் தெரியும். பிறகு ஓரம் மென்மையான பிரஷ்ஷில் வெள்ளை எடுத்து, பூச்சின் அழுத்தமான ஒப்பாசிட்டியை 20-இல் வைத்து நெற்றி, கன்னம், கழுத்து என்று மெல்ல மெல்லத் தடவினேன். தடவிய இடத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது. காதோரம் வந்தபோது தண்டட்டியின் விளிம்பில் ஒரு மினுக்கு. அதுவரை அது படத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்கே நிறுத்துவது? என் கஷ்டமெல்லாம் இதில்தான். ராத்திரி வெகு நேரம் ஒரே படத்தைப் பார்த்தால் கண் பழகிப்போய், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்கும். அதனால் பொங்கலன்று மேகமூட்டத்தில் எடுத்த இன்னொரு படத்தைத் திறந்து, நிறத்தின் அளவை எண்ணில் சொல்லும் கலர் பிக்கரால் கன்னத்தைத் தொட்டேன். சிவப்பு 121, பச்சை 84, நீலம் 66. ஸ்டுடியோ படத்தில் அதே இடம் 214, 176, 150. என் படம் ஆரம்பத்தில் 58, 38, 30. அதை 116, 80, 63 வரை கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பத்தா கறுப்பு. வெயிலில் களை எடுத்துப் பழுத்த கறுப்பு. வெளிச்சம் கொடுப்பது என்றால் அந்தக் கறுப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், கலைந்துவிடக் கூடாது.

வெளுத்த தோலையே சரி என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் பழையது. ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி கார்டு' ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தோல் எப்படி வந்தாலும் வந்தது. இன்றும் பிரைட் பண்ணுங்க என்றால் சிவப்பாக்குங்க என்றே நம் காதில் விழுகிறது. கேட்கும் நாமும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிழலைத் தூக்கியதில் கன்னத்தில் பொடிப் பொடியாக நிறப்புள்ளிகள் கிளம்பின. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதிலும் இருட்டுப் பகுதிக்குக் கிடைப்பது கொஞ்சம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பாக இருந்திருந்தால் 16,384 படி இருந்திருக்கும். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டுப் பார்த்தேன், புள்ளியோடு சுருக்கமும் போனது. உடனே அன்டூ. புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிண்ட் பெரும்பாலும் திரையைவிட இருட்டாக வரும். திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது, காகிதத்துக்கு இல்லை. அதனால் லேப்டாப் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துச் சரிபார்த்து, முதலில் 4x6-இல் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியதைக் கொடுத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆணி எங்கே என்று கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது சின்ன அத்தை தனக்கும் ஒரு படம் கேட்டார்கள். அவர்கள் வீட்டுக் கூடம் பகலிலும் இருட்டு. லேயர்களோடு கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்திருந்ததால் திறந்து முகத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். தண்டட்டியைத் தொடவில்லை.